ஒரு குதியை விசைகளாகப் பிரித்துப் படிப்பது எப்படி? உயிர் இயக்கவியலில் விசையும் இயக்க விதிகளும்: முழுமையான வழிகாட்டி

நியூட்டனின் மூன்று விதிகளையும் தடங்கலின்றிச் சொல்லும் மாணவர்கள், ஒருவர் குதிக்கும் படத்தைக் கொடுத்து “இவர் மீது செயல்படும் விசைகளை வரைங்க” என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். உடற்கல்வி வகுப்பிலும் பிசியோதெரபி வகுப்பிலும் இதையே பார்க்கிறேன். விதிகளை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று யாரும் அவர்களுக்குக் காட்டித் தரவில்லை. எதை முதலில் முடிவு செய்வது, எப்போது படம் வரைவது, எப்போது எண்ணைக் கையில் எடுப்பது என்ற ஒழுங்கு பிடிபட்டால் மீதி எல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி ஒரே செயலைப் பற்றியது: நின்ற இடத்திலிருந்து நேராக மேலே குதித்து இறங்குவது. அதை முழுதாக முடித்துவிட்டு நடை, முழங்கை, இடுப்பு மூட்டு என்று நகர்கிறோம். எடுத்துக்காட்டு எண்கள் எல்லாம் 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கானவை. 2, 3 ஆகிய படிகளைத் தாண்டிக்கொண்டு கணக்குக்குப் போகாதீர்கள். நான் திருத்தும் விடைத்தாள்களில் தவறுகள் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான் பிறக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முள் நகரும் பழைய வகை எடை பார்க்கும் மெஷின் ஒன்று வேண்டும். டிஜிட்டல் மெஷின் இதற்கு உதவாது. அது எண் நிலைபெறும்வரை காத்திருந்து, நிலைபெற்ற எண்ணையே பிடித்து வைத்துக் காட்டும். நமக்கு வேண்டியதோ நிலைபெறாத அந்த ஒரு வினாடியில் நடப்பது.

அடுத்து, ஸ்லோமோஷன் எடுக்கும் செல்போன். வினாடிக்கு 240 ஃபிரேம் என்ற அமைப்பு இருந்தால் நல்லது. கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் பொருத்துங்கள். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்க உதவும் பிளேயர் ஒன்றையும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். அளவு நாடா, இடுப்பெலும்பின் மேல் ஒட்ட ஒரு துண்டு வண்ண டேப், இரண்டு நிறப் பேனா, வெள்ளைத்தாள். இவ்வளவுதான்.

அலகுகளை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். நிறை கிலோகிராமில், விசை நியூட்டனில். எடை என்பது விசை, ஆகவே 60 கிலோ ஆளின் எடை 60 × 9.81 = 589 நியூட்டன். எடை மெஷின் கிலோவில் எழுதியிருந்தாலும் அது உணர்வது தன் தட்டை அழுத்தும் விசையைத்தான். முள் 70இல் நின்றால் தட்டின் மீது 70 × 9.81 = 687 நியூட்டன் விசை இருக்கிறது என்று படியுங்கள். “60 கிலோ விசை” என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் அதையே நிறையாகப் போட்டு முடுக்கம் காண்பவர்களுக்கு விடை ஏறத்தாழ பத்து மடங்கு தவறிப்போகும்.

மேல்நோக்கிய திசைக்குக் கூட்டல் குறி, கீழ்நோக்கியதற்குக் கழித்தல் குறி. தாளின் மூலையில் இதை எழுதி வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள்.

2. எந்த உடல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

படத்தில் ஆளைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். கோட்டுக்குள் இருப்பது நாம் ஆராயும் பொருள். கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே இருப்பதன் மீது செயல்படுபவை மட்டுமே நம் கணக்கில் வரும் விசைகள்.

இந்தக் கோடு ஏன் இவ்வளவு முக்கியம்? உடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை இழுக்கும் விசைகள் எப்போதும் சமமும் எதிருமான இணைகளாக வருகின்றன. முழு உடலையும் கோட்டுக்குள் வைத்துவிட்டால் அவை ஒன்றையொன்று நீக்கிவிடும். தொடைத் தசை எவ்வளவு வலுவாகச் சுருங்கினாலும், முழு உடலின் படத்தில் அதற்கு அம்புக்குறி கிடையாது.

இங்கே வகுப்பில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: “அப்போ தசைக்கு வேலையே இல்லையா சார்?” நல்ல கேள்வி. தசை முழங்காலையும் கணுக்காலையும் நீட்டுகிறது. அதனால் பாதம் தரையை அழுத்துகிறது. தரை பாதத்தைத் திருப்பித் தள்ளுகிறது. உடலை மேலே முடுக்கும் வெளிவிசை அந்தத் தரையின் தள்ளல்தான். அந்தரத்தில் தரை இல்லாதபோது அதே தசை எவ்வளவு சுருங்கினாலும் நிறை மையத்தின் (உடலின் முழு நிறையும் திரண்டிருப்பதாகக் கொள்ளும் புள்ளியின்) பாதையை மாற்ற முடியாது. கை கால்களின் அமைப்பை மட்டுமே மாற்ற முடியும். நீளம் தாண்டுபவர் காற்றில் காலை ஓட்டுவது உடல் முன்னால் கவிழாமல் நல்ல நிலையில் இறங்குவதற்காக. அதனால் அவருடைய நிறை மையம் ஒரு சென்டிமீட்டர்கூட அதிக தூரம் போவதில்லை.

முழங்கைத் தசையின் விசை எவ்வளவு என்று கேட்டால் கோட்டை வேறு இடத்தில் போட வேண்டும். முன்கையும் கையும் மட்டும் கோட்டுக்குள் இருக்கட்டும். இப்போது மேற்கையின் முன்பக்கத்திலுள்ள இருதலைத் தசை வெளியிலிருந்து இழுப்பதாகிவிடும், அதற்கு அம்புக்குறி வரும். கேள்வி மாறினால் கோடும் மாறும். கேள்வியைப் படித்ததும் முதல் வேலை இதுதான்.

3. ஒவ்வோர் அம்புக்குறிக்கும் பெயர் சொல்லுங்கள்

விசைகள் வரும் வழி இரண்டே. ஒன்று, பூமியின் ஈர்ப்பு. அது எப்போதும் உண்டு, நிறை மையத்திலிருந்து நேர்கீழாக வரையுங்கள். நிமிர்ந்து நிற்பவருக்கு நிறை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புக்கு உள்ளே இருக்கும். மற்றொன்று, உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்கள். கோட்டைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே எங்கெங்கே வேறு பொருள் தொடுகிறது என்று பாருங்கள். தொடும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு விசை இருக்கலாம்.

அம்புக்குறி போட்டதும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “தரை, குதிப்பவர் மீது.” “பூமி, குதிப்பவர் மீது.” யார் தரும் விசை, யார் மீது என்ற இரண்டையும் சொல்ல முடியவில்லையென்றால் அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள்.

இந்தச் சோதனை ஒரு பிடிவாதமான தவறை அம்பலப்படுத்தும். அந்தரத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு மேல்நோக்கி ஒரு பெரிய அம்புக்குறி போட்டு “குதித்த விசை” என்று எழுதுவார்கள். அந்த விசையை இப்போது யார் தருகிறார்? தரை இல்லை, பாதம் அதை விட்டுவிட்டது. காற்றும் இல்லை. தருபவர் எவரும் இல்லாததால் விசையும் இல்லை. அவர் மேலே போவது ஏற்கெனவே பெற்ற திசைவேகத்தால். காற்றுத்தடையை விட்டுவிட்டால் அந்தரத்தில் ஒரே அம்புக்குறிதான்: கீழ்நோக்கி 589 நியூட்டன். ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதே ஒன்று.

உச்சியில் ஒரு கணம் திசைவேகம் பூஜ்ஜியமாவதைப் பார்த்து முடுக்கமும் பூஜ்ஜியம் என்று எழுதுபவர்கள் உண்டு. முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.81 மீ/வி²தான். அங்கே முடுக்கம் இல்லாவிட்டால் அவர் கீழே வரவே மாட்டார்.

திசைவேகத்தைப் படத்தில் காட்ட ஆசைப்பட்டால் இரண்டாவது நிறப் பேனாவால், உருவத்துக்குப் பக்கத்தில் தள்ளி வரையுங்கள். நிறை × முடுக்கம் என்பதையும் ஒரு விசையாக வரையாதீர்கள். அது எல்லா விசைகளையும் கூட்டியபின் வரும் தொகுபயன்.

4. முதல் இரண்டு விதிகளை எடை மெஷினில் பாருங்கள்

மெஷின் மீது அசையாமல் நில்லுங்கள். முள் 60இல் நிற்கும். பூமி 589 நியூட்டனால் கீழே இழுக்கிறது, தட்டு 589 நியூட்டனால் மேலே தள்ளுகிறது, கூட்டினால் பூஜ்ஜியம், ஆகவே முடுக்கம் இல்லை. முதல் விதி இவ்வளவுதான். விசையே இல்லாத இடத்தை இது தேடச் சொல்லவில்லை. விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமாக இருக்கும் இடத்தைச் சொல்கிறது.

இனி, நின்ற நிலையிலிருந்து விரைவாக முழங்காலை மடக்கி அரைகுறையாக உட்கார்ந்து, அங்கேயே நில்லுங்கள். முள்ளை நீங்கள் குனிந்து பார்க்காதீர்கள், தலை அசைந்தாலே அளவு மாறும். நண்பர் ஒருவர் பார்க்கட்டும், அல்லது செல்போனில் எடுங்கள். முள் முதலில் 60க்குக் கீழே சரியும். பிறகு சட்டென்று 60ஐத் தாண்டி மேலே போகும். கடைசியில் அதிர்ந்து 60இல் வந்து நிற்கும். எழும்போது இது தலைகீழாக நடக்கும்: முதலில் கூடும், பிறகு குறையும்.

நடந்தது என்ன? கீழே போகத் தொடங்கும்போது உடல் கீழ்நோக்கி முடுக்கமடைய வேண்டும். அதற்குத் தொகுபயன் விசை கீழ்நோக்கி இருக்க வேண்டும். எடை மாறாது, ஆகவே தட்டின் தள்ளல்தான் குறைய வேண்டும். முள் 45ஐக் காட்டும் கணத்தில் தட்டு தருவது 441 நியூட்டன். தொகுபயன் 441 − 589 = −148 நியூட்டன். இரண்டாம் விதிப்படி தொகுபயன் விசை = நிறை × முடுக்கம், ஆகவே இதை 60ஆல் வகுத்தால் முடுக்கம் கிட்டத்தட்ட −2.5 மீ/வி². பிறகு, கீழே போய்க்கொண்டிருக்கும் உடலை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு மேல்நோக்கிய முடுக்கம் தேவை, அதற்குத் தட்டு எடையைவிட அதிகமாகத் தள்ள வேண்டும்.

“உட்கார்ந்தால் எடை குறையும், எழுந்தால் கூடும்” என்று சுருக்கி எழுதிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அது பாதி உண்மை. முள் திசைவேகத்தின் திசையைக் காட்டுவதில்லை, முடுக்கத்தின் திசையைக் காட்டுகிறது. இதை உறுதி செய்ய, மிக மிக மெதுவாக, ஒரே சீராக உட்கார்ந்து பாருங்கள். முள் ஏறக்குறைய அசையவே அசையாது.

ஒரு எச்சரிக்கை. முள்ளுக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் சொந்த நிலைமம் உண்டு, அவையும் ஊசலாடும். இந்த மெஷினில் கூடுகிறதா குறைகிறதா என்பதை நம்பலாம். சரியான எண்ணுக்கு, தரை எதிர்விசையைக் கணத்துக்குக் கணம் அளக்கும் ஆய்வகத்தின் விசைத்தட்டு வேண்டும், அல்லது 7ஆம் படியில் சொல்லும் வீடியோ முறை.

5. மூன்றாம் விதி: இணை யார் யாருக்கு?

தேர்வுகளில் மிக அதிகமாக மதிப்பெண் போகும் இடம் இது. “எடை கீழே, தரையின் எதிர்விசை மேலே, இரண்டும் சமம், ஆகவே இவை மூன்றாம் விதி இணை” என்று எழுதுகிறார்கள். தவறு.

மூன்றாம் விதியின் இணை எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்கள் மீது செயல்படும். எடையும் தரை எதிர்விசையும் ஒரே ஆள் மீது செயல்படுகின்றன. அவை சமமாக இருந்தது அவர் அசையாமல் நின்றதால், அதாவது முதல் விதியால். அவர் உட்காரத் தொடங்கியதுமே அந்தச் சமம் குலைந்ததை முள் காட்டிவிட்டது. மூன்றாம் விதி இணையோ எந்த நேரத்திலும் குலையாது.

இணையைக் கண்டுபிடிக்க 3ஆம் படியில் சொன்ன வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். “தரை, ஆள் மீது, மேல்நோக்கி” என்பதன் இணை “ஆள், தரை மீது, கீழ்நோக்கி”. “பூமி, ஆள் மீது, கீழ்நோக்கி” என்பதன் இணை “ஆள், பூமி மீது, மேல்நோக்கி”. ஆம், நீங்களும் 589 நியூட்டனால் பூமியை இழுக்கிறீர்கள். பூமியின் நிறை மிகப் பெரியது என்பதால் அதன் முடுக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்த குழப்பம்: “விசைகள் சமமும் எதிரும் என்றால் ஒன்றையொன்று நீக்கிவிடுமே, பிறகு எப்படிக் குதிக்கிறோம்?” இணையில் ஒன்று உங்கள் மீது, மற்றொன்று தரை மீது. உங்கள் படத்தில் ஒன்றுதான் வரும். 2ஆம் படியின் புள்ளிக்கோட்டை ஒழுங்காகப் போட்டவருக்கு இந்தச் சந்தேகமே வராது.

6. குதியைக் கட்டங்களாகப் பிரியுங்கள்

முழுக் குதிக்கும் சேர்த்து ஒரே படம் வரைய முடியாது, ஏனென்றால் தரை எதிர்விசை கணத்துக்குக் கணம் மாறுகிறது. கட்டம் பிரித்து, ஒவ்வொன்றிலும் இந்த மூன்றைக் கேளுங்கள்: திசைவேகம் எந்தப் பக்கம், முடுக்கம் எந்தப் பக்கம், தரை எதிர்விசை எடையைவிடக் கூடவா குறைவா?

முதலில் உடல் கீழ்நோக்கி விழத் தொடங்கும் கட்டம்: திசைவேகம் கீழே, முடுக்கம் கீழே, எதிர்விசை எடையைவிடக் குறைவு. அடுத்து கீழ்நோக்கிய இயக்கத்தைத் தடுக்கும் கட்டம்: திசைவேகம் இன்னும் கீழேதான், ஆனால் முடுக்கம் மேலே, எதிர்விசை எடையைவிட அதிகம். மிகத் தாழ்ந்த புள்ளியில் திசைவேகம் பூஜ்ஜியம், எதிர்விசையோ மிகப் பெரிய அளவுகளில் இருக்கும். பிறகு மேலே உந்தும் கட்டம்.

உந்தும் கட்டத்தின் கடைசித் துளியைக் கவனித்துப் பாருங்கள். பாதம் தரையை விடும் கணத்தில் எதிர்விசை பூஜ்ஜியம். அது எடையைவிட அதிகமான அளவிலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டுமென்றால் இடையில் எடைக்குச் சமமான அளவைக் கடந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு பாதம் தரையில் இருந்தாலும் முடுக்கம் கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது. அதனால் அதிகபட்சத் திசைவேகம் வருவது தரையை விடும் கணத்துக்குச் சற்று முன்பே. விசைத்தட்டு வரைபடத்தை முதல்முறை பார்ப்பவர்கள் இதைக் கருவியின் பிழை என்று நினைக்கிறார்கள். பிழை இல்லை, இரண்டாம் விதி சொன்னபடியே நடக்கிறது.

கையை வீசிக் குதித்தால் உயரம் கூடுவதற்கும் இங்கே ஒரு காரணம் தெரியும். கைகள் மேல்நோக்கி முடுக்கமடையும்போது அவற்றை முடுக்கும் விசையும் கடைசியில் தரையிலிருந்துதான் வர வேண்டும், ஆகவே எதிர்விசை கூடுகிறது. ஆட்களுக்கிடையே ஒப்பிட வேண்டுமென்றால் எல்லோரும் கையை இடுப்பில் வைத்துக் குதிக்கட்டும்.

7. இப்போது எண்கள்

செல்போனைத் தரையோடு தரையாக, பாதத்துக்கு நேராக வையுங்கள். குதிப்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். தரையைத் தொடும்போது முழங்கால் நீட்டியிருக்கட்டும், கால்விரல் முதலில் தொடட்டும். தொட்டதும் உடனே முழங்காலை மடக்கி இறங்கட்டும். முழங்காலை அந்தரத்திலேயே மடக்கிக்கொண்டு இறங்கினால் தரையைத் தொடுவது தாமதமாகும், உயரம் பொய்யாகக் கூடித் தெரியும்.

கால்விரல் தரையை விட்ட முதல் ஃபிரேமிலிருந்து மீண்டும் தொட்ட ஃபிரேம்வரை எண்ணுங்கள். 240 ஃபிரேம் வீடியோவில் 120 ஃபிரேம் வந்தால் பறந்த நேரம் 0.5 வினாடி. திரையில் ஓடும் கடிகாரத்தை நம்பாதீர்கள், அது மெதுவாக்கப்பட்ட நேரத்தைக் காட்டக்கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெற்ற வீடியோவில் ஃபிரேம் விகிதமே மாறியிருக்கலாம். எடுத்த போனிலுள்ள அசல் கோப்பிலேயே எண்ணுங்கள்.

ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம் என்பதால், தரையை விட்ட திசைவேகம் = 9.81 × 0.25 = 2.45 மீ/வி. உயரம் = 9.81 × பறந்த நேரத்தின் வர்க்கம் ÷ 8. அதாவது 9.81 × 0.25 ÷ 8 = 0.307 மீட்டர், சுமார் 31 சென்டிமீட்டர். சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் ஒரே ஒரு ஃபிரேம் தவறி எண்ணினாலும் இந்த உயரம் 4 சென்டிமீட்டர் மாறிவிடும். 240இல் அரை சென்டிமீட்டர்தான். ஸ்லோமோஷன் கேட்டது இதற்காகத்தான்.

இனி கணத்தாக்கு. தொகுபயன் விசை × நேரம் என்பதே அது, அது உந்தத்தில் (நிறை × திசைவேகம்) ஏற்பட்ட மாற்றத்துக்குச் சமம். இடுப்பில் ஒட்டிய டேப் மிகத் தாழ்ந்த ஃபிரேமிலிருந்து கால்விரல் தரையை விடும் ஃபிரேம்வரை எண்ணுங்கள். 72 வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 0.3 வினாடி. உந்தம் பூஜ்ஜியத்திலிருந்து 60 × 2.45 = 147 ஆனது. சராசரித் தொகுபயன் விசை 147 ÷ 0.3 = 490 நியூட்டன்.

இங்கே நிறுத்திவிட்டு “தரை தந்த விசை 490 நியூட்டன்” என்று எழுதுபவர்களே அதிகம். 490 என்பது தொகுபயன். தரை எதிர்விசை − எடை = 490. ஆகவே தரை தந்தது 490 + 589 = 1079 நியூட்டன், எடையைப் போல 1.8 மடங்கு. 490 என்பது எடையைவிடக் குறைவு என்பதைக் கவனித்திருந்தாலே போதும், எடையைவிடக் குறைவாகத் தள்ளும் தரை யாரையும் மேலே அனுப்ப முடியாது என்று பிடித்திருக்கலாம்.

விடையை இன்னொரு வழியில் சரிபாருங்கள். சராசரித் திசைவேகம் சுமார் 1.23 மீ/வி என்று கொண்டால் 0.3 வினாடியில் உடல் 37 சென்டிமீட்டர் எழுந்திருக்க வேண்டும். வீடியோவில் டேப் ஏறிய உயரத்தை அளவு நாடாவோடு ஒப்பிடுங்கள். விசை சீராக இருப்பதாகக் கொண்ட கணக்கு என்பதால் அச்சொட்டாகப் பொருந்தாது. 35, 40 என்று வந்தால் சரி. 15 என்றோ 80 என்றோ வந்தால் எங்கோ ஃபிரேமைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

8. தரையிறக்கம்: அதே உந்தம், வேறு நேரம்

அவர் அதே 2.45 மீ/வி வேகத்தில் தரைக்கு வருகிறார். நிறுத்த வேண்டிய உந்தமும் அதே 147. நிறுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டுமே அவர் கையில் இருக்கிறது.

0.1 வினாடியில் நின்றால் சராசரித் தொகுபயன் விசை 1470, தரை எதிர்விசை 2059 நியூட்டன், எடையைப் போல 3.5 மடங்கு. முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 0.3 வினாடியில் நின்றால் 1079 நியூட்டன். இவை சராசரிகள், உச்ச அளவு இவற்றைவிட அதிகம்.

“மென்மையாக இறங்கு” என்று பயிற்சியாளர் கத்துவதன் பொருள் இந்தக் கணக்கில் இருக்கிறது. 0.1 வினாடியில் நிற்க 12 சென்டிமீட்டர் தாழ்ந்தால் போதும், 0.3 வினாடிக்கு 37 சென்டிமீட்டர் தாழ வேண்டும். எனவே பிள்ளைகளிடம் எவ்வளவு மடக்க வேண்டும் என்றே காட்டுங்கள். காலை விறைத்து இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தாளில் மட்டும் பாருங்கள், ஆளை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

9. கிடைத்தள விசை: நடை

நடப்பவருக்குத் தரை மேல்நோக்கி மட்டும் தள்ளுவதில்லை, உராய்வின் வழியே முன்னும் பின்னும் தள்ளுகிறது. “உராய்வு இயக்கத்துக்கு எதிர்த்திசையில்” என்று பள்ளியில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து எப்போதும் பின்னோக்கி வரைந்துவிடுகிறார்கள்.

குதிகால் முன்னால் ஊன்றும்போது பாதம் தரையை முன்னோக்கித் தள்ளுகிறது, தரை பாதத்தைப் பின்னோக்கித் தள்ளி வேகத்தைத் தடுக்கிறது. கால்விரலால் உந்தும்போது பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது, உராய்வு முன்னோக்கி. சீரான வேகத்தில் நடப்பவருக்கு இந்த இரண்டு கணத்தாக்குகளும் ஏறக்குறைய சமம், அதனால்தான் வேகம் மாறுவதில்லை.

சாதாரண நடையில் இந்தக் கிடைத்தள விசையின் உச்சம் உடல் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஈரத்தரை அவ்வளவு உராய்வைத் தராவிட்டால் பாதம் வழுக்கும். காலடியைச் சுருக்கி வைத்தால் கால் அதிகம் சாயாது, கிடைத்தள விசையின் பங்கு குறையும். ஈரத்தில் எல்லோரும் தாமாகவே செய்வது இதைத்தான்.

10. மூட்டுக்குள்: முழங்கையின் கணக்கு

கோட்டை மாற்றிப் போடும் நேரம். முன்கையும் கையும் மட்டும் கோட்டுக்குள். முழங்கை செங்கோணத்தில் மடங்கியிருக்கிறது, மேற்கை நேராகத் தொங்குகிறது, உள்ளங்கையில் 5 கிலோ டம்பெல், எல்லாம் அசையாமல்.

விசைகள் நான்கு: டம்பெல்லின் அழுத்தம் 49 நியூட்டன் கீழே, முன்கையின் எடை 13 நியூட்டன் கீழே (முன்கையும் கையும் உடல் நிறையில் சுமார் 2.2 சதவீதம்), இருதலைத் தசையின் இழுப்பு மேலே, மேற்கை எலும்பு மூட்டில் தரும் விசை. நான்காவதை மறப்பவர்கள் ஏராளம்.

அசையாமல் இருப்பதால் விசைகளின் கூட்டுத்தொகை மட்டுமல்ல, திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையும் பூஜ்ஜியம். திருப்புத்திறன் என்பது விசை × அச்சிலிருந்து விசைக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளித் திறக்கப் பார்த்தால் எவ்வளவு சிரமமோ அந்தச் சிரமம்தான் தசைக்கு, ஏனென்றால் தசை மூட்டுக்கு மிக அருகில் இணைந்திருக்கிறது.

முழங்கை மூட்டையே அச்சாகக் கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் நமக்குத் தெரியாத மூட்டு விசைக்குத் தூரம் பூஜ்ஜியமாகி அது கணக்கிலிருந்து விலகிவிடும், தெரியாதது ஒன்றுதான் மிஞ்சும். டம்பெல் 32 சென்டிமீட்டரில்: 49 × 0.32 = 15.7. முன்கையின் நிறை மையம் 15 சென்டிமீட்டரில்: 13 × 0.15 = 1.9. மொத்தம் 17.6 நியூட்டன் மீட்டர். தசையின் தூரம் 4 சென்டிமீட்டர், எனவே தசை விசை 17.6 ÷ 0.04 = 440 நியூட்டன். கையில் இருப்பது 49, தசை இழுப்பது அதைப் போல ஒன்பது மடங்கு.

பிறகு விசைகளைக் கூட்டுங்கள்: மேலே 440, கீழே 49 + 13. மீதி 378 நியூட்டன் கீழ்நோக்கி இருந்தாக வேண்டும். அதுதான் மேற்கை எலும்பு முன்கையை அழுத்தும் விசை.

அதே 5 கிலோவை மணிக்கட்டில், மூட்டிலிருந்து 24 சென்டிமீட்டரில் கட்டிப் பாருங்கள். திருப்புத்திறன் 13.7, தசை விசை சுமார் 340. சுமையைக் கூட்டாமலும் குறைக்காமலும், இடத்தை மட்டும் மாற்றி 100 நியூட்டன் குறைத்திருக்கிறோம். மறுவாழ்வுப் பயிற்சியில் எடையை எங்கே கட்டுவது என்று பிசியோதெரபிஸ்ட் அவ்வளவு யோசிப்பது இதனால்தான்.

11. இடுப்பு மூட்டும் ஊன்றுகோலும்

இதே வரிசையில் இன்னொரு கணக்கு. ஒருவர் வலது காலில் மட்டும் நிற்கிறார், வலது இடுப்பு மூட்டில் வலி. ஊன்றிய காலைத் தவிர்த்த மீதி உடல் கோட்டுக்குள். ஒரு காலின் நிறை சுமார் 16 சதவீதம் என்பதால் மீதியின் எடை 494 நியூட்டன். அதன் நிறை மையம் மூட்டுக்கு இடப்புறம் 10 சென்டிமீட்டரில் என்று கொள்ளுங்கள். இடுப்பை இடப்பக்கம் சரியவிடாமல் பிடிப்பவை மூட்டின் வெளிப்புறத் தசைகள், அவற்றின் தூரம் 5 சென்டிமீட்டர்.

திருப்புத்திறன் 494 × 0.1 = 49.4. எனவே 49.4 ÷ 0.05 = 988 நியூட்டன் தசை விசை. மூட்டின் மீது 988 + 494 = 1482, உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. மூட்டை நசுக்குவதில் பெரும்பங்கு உடல் எடை அல்ல, தசையின் இழுப்பு. ஆகவே வலியைக் குறைக்கத் தசையின் வேலையைக் குறைக்க வேண்டும்.

ஊன்றுகோலை இடது கையில், மூட்டிலிருந்து 45 சென்டிமீட்டரில் ஊன்றி 50 நியூட்டன் மட்டும் அழுத்தட்டும். கோல் மேல்நோக்கி 50 தருகிறது, திருப்புத்திறன் 22.5. தசைக்கு மிஞ்சுவது 26.9, அதாவது 538 நியூட்டன். மூட்டின் மீது 538 + 494 − 50 = 982. வெறும் 5 கிலோ அழுத்தத்துக்கு 500 நியூட்டன் குறைந்தது. இது அசையாமல் நிற்கும் எளிய மாதிரி. நடையில் அளவு மாறும், குறையும் என்பது மாறாது.

பலர் கோலை வலிக்கும் பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். அந்தக் கணக்கையும் போட்டுவிடுங்கள்: மூட்டுக்கு வலப்புறம் 20 சென்டிமீட்டரில் மேல்நோக்கி 50. அது இடுப்பை இடப்பக்கம் சாய்க்கும் திருப்புத்திறனோடு சேர்ந்துகொள்கிறது. 49.4 + 10 = 59.4, தசை விசை 1188, மூட்டின் மீது 1632. கோலே இல்லாததைவிட மோசம். உடலை வலப்பக்கம் சாய்த்து நிறை மையத்தை மூட்டுக்கு மேலே கொண்டுவந்தால்தான் அவருக்கு வலி குறையும். அப்படிச் சாய்ந்து சாய்ந்து நடக்கும் ஒருவரைப் பார்த்தால் கோலை மறு கைக்கு மாற்றிக் கொடுத்து, தசையின் 5 சென்டிமீட்டரையும் கோலின் 45 சென்டிமீட்டரையும் படம் போட்டுக் காட்டுங்கள்.